மலிவா கிடைக்குதுன்னு பழைய துப்பாக்கி வாங்கலாமா? உரிமம் முதல் தோல் உறை வரை... ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பாதுகாவலர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஓரகடம், வல்லம் வடகால். கார், லாரி, டயர், செல்போன் என்று எல்லாம் தயாராகும் இந்தத் தொழிற்சாலைப் பட்டையில் ஒவ்வொரு கேட்டிலும் பாதுகாவலர்கள் நிற்கிறார்கள். ஏ.டி.எம்.களுக்குப் பணம் நிரப்பும் வேன்களும் இதே சாலைகளில்தான் ஓடுகின்றன. துப்பாக்கி ஏந்திய பாதுகாவலருக்கு, சாதாரண பாதுகாவலரைவிடச் சம்பளம் கூடுதல்.

அதனால்தான் முன்னாள் ராணுவத்தினர், பாதுகாப்பு வேலைக்கு வருபவர்கள் மத்தியில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "சொந்தமா ஒரு துப்பாக்கி இருந்தா நல்ல வேலை கிடைக்குமே, பழசா ஒண்ணு மலிவா வாங்கிடலாமா?"

வாங்கலாம். பழைய துப்பாக்கி வாங்குவது சட்டப்படி குற்றமல்ல. ஆனால் வாங்கும் முறையில் ஒரு படி தவறினாலும் கூடுதல் சம்பளத்துக்குப் பதில் சிறைதான் மிஞ்சும். எதை, எங்கே, எப்படி வாங்க வேண்டும்? அதற்கான தோல் உறையை எப்படித் தேர்வு செய்வது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில் சுருக்கமாக...

* உரிமம் கையில் இல்லாமல் துப்பாக்கிக்கு அட்வான்ஸ்கூட கொடுக்கக் கூடாது.
* எண் அழிந்த, தயாரிப்பாளர் பெயர் இல்லாத துப்பாக்கியை எந்த விலைக்கும் தொடக் கூடாது.
* தோட்டா கிடைக்காத துப்பாக்கி, எவ்வளவு மலிவானாலும் நஷ்டம்தான்.
* உறை என்பது அழகுக்கு அல்ல. பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு போக அது சட்டத் தேவை.

துப்பாக்கிப் பாதுகாவலர் தேவை ஏன்?

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நிறுவனத்துக்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். பாதுகாவலருக்குப் பயிற்சி வேண்டும்.

பண வேன்களுக்கு மத்திய உள்துறை அமைச்சகம் 2018-ல் தனி விதிகளை அறிவித்தது. அதன்படி ஒரு வேனில் பயிற்சி பெற்ற ஆயுதப் பாதுகாவலர்கள் குறைந்தது 2 பேர் இருக்க வேண்டும். ஒரு நடைக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றக் கூடாது. நகரங்களில் இரவு 9 மணிக்கு மேலும், கிராமப்புறங்களில் மாலை 6 மணிக்கு மேலும் ஏ.டி.எம்.களில் பணம் நிரப்பக் கூடாது.

ஆக, துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆளுக்குத் தேவை இருக்கிறது. "சொந்த லைசென்ஸ், சொந்த கன் இருந்தால் முன்னுரிமை" என்ற பேச்சு வருவது இங்கேதான். இதுல ஒரு சிக்கல் இருக்கு. அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் உரிமம்.

உரிமம்: துப்பாக்கிக்கு முன்னாடி இதுதான்

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். இந்த இரண்டும்தான் அடிப்படை. 21 வயது நிரம்பியவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். காவல் துறை விசாரித்து அறிக்கை தரும். அதன் பிறகு உரிமம் தரும் அதிகாரி முடிவெடுப்பார்.

அந்த அதிகாரி யார் என்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது. மாவட்டக் காவல் எல்லைக்குள் இருப்பவர் மாவட்ட நிர்வாகத்திடம் போக வேண்டும். காவல் ஆணையரக எல்லைக்குள் இருப்பவருக்கு ஆணையர் அலுவலகம். 2022 ஜனவரியில் தாம்பரம், ஆவடி ஆணையரகங்கள் தொடங்கப்பட்டதால் புறநகர்ப் பகுதிகள் பலவற்றின் எல்லை மாறியது. எனவே தங்கள் காவல் நிலையம் யாருடைய எல்லையில் வருகிறது என்று கேட்டுவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

வெளியூரில் இருந்து வந்து இங்கே வாடகைக்குத் தங்கியிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சொந்த ஊரில் எடுத்த உரிமம், துப்பாக்கி ஆகியவற்றோடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் வேறு ஊரில் தங்கினால், உரிமம் தரும் அதிகாரிக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் மட்டும் செல்லும் உரிமத்தை வைத்துக்கொண்டு ஓரகடத்தில் துப்பாக்கி ஏந்த முடியாது.

துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழும் தேவை. உரிமத்துக்கு யு.ஐ.என். எனப்படும் தனித்துவ அடையாள எண் இருக்க வேண்டும். நாடு முழுவதுக்குமான ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் அந்த எண் பதிவாகும்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று முக்கிய மாற்றங்களைச் செய்தது.

* ஒருவர் அதிகபட்சம் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது 2 ஆகக் குறைந்தது.
* உரிமத்தின் காலம் 3 ஆண்டில் இருந்து 5 ஆண்டு ஆனது.
* உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தண்டனை 2 முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம் என்று கடுமையானது. தடை செய்யப்பட்ட வகை ஆயுதம் என்றால் 7 முதல் 14 ஆண்டு வரை.

தடை செய்யப்பட்ட வகை என்றால் என்ன? பொதுமக்களுக்கான உரிமத்தில் வழக்கமாகக் கிடைப்பது 12 போர் துப்பாக்கி, .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .22, .315 ரைபிள் போன்றவை. 9 எம்.எம்., .38, .303 ஆகியவை 'பி.பி.' எனப்படும் வகையில் வருபவை. பணியில் இருந்தபோது 9 எம்.எம். பிடித்துப் பழகியவர், "அதே மாதிரி ஒண்ணு" என்று தேடிப் போவதில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. சாதாரண உரிமத்தில் அதை வாங்க முடியாது.

பழைய துப்பாக்கி: சிலது மலிவு, சிலது யானை விலை... ஏன்?

பழையது என்றால் மலிவு என்பது பைக்குக்குப் பொருந்தும். இந்தியாவில் துப்பாக்கிக்குப் பொருந்தாது.

காரணம், 1980-களின் நடுவில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடு. அதன் பிறகு சாதாரண குடிமக்கள் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியைப் புதிதாக இறக்குமதி செய்ய முடியாது. துப்பாக்கி சுடும் போட்டி வீரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதனால் அதற்கு முன்பே நாட்டுக்குள் வந்துவிட்ட வெப்ளி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வால்தர் போன்றவைதான் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. சரக்கு குறைவு, கேட்பவர் அதிகம். அதனால் 50, 60 வயதான ரிவால்வர்கூட புதிய இந்தியத் தயாரிப்பைவிடப் பல மடங்கு விலை போகும்.

அந்த விலை பெயருக்கும் அரிதுக்கும் தரப்படும் விலை. வேலைக்கு வாங்குபவருக்கு அது தேவையில்லை.

மலிவாகக் கிடைப்பது எது? பெரும்பாலும் 12 போர் நீளத் துப்பாக்கிகள். ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் இரண்டும். ஒரு காலத்தில் விவசாயிகள் பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கியவை இவை. இப்போது பேரப்பிள்ளைகளுக்கு அதில் ஆர்வம் இல்லை. உரிமத்தைப் புதுப்பிக்க அலைய மனமில்லை. 2019 திருத்தத்தால் மூன்றாவது துப்பாக்கியை ஒப்படைக்கவோ விற்கவோ வேண்டிய நிலையும் சிலருக்கு வந்தது. இப்படி முறையான கடைகளுக்கு வந்து சேரும் 12 போர் துப்பாக்கிகளில் நல்லது அமைந்தால், அதுதான் உண்மையில் காசுக்கு ஏற்ற சரக்கு.

கைத்துப்பாக்கிதான் வேண்டும் என்றால், ஒருமுறை கைமாறிய இந்திய .32 ரிவால்வர்கள் ஒரு வழி. கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலைகள் இவற்றைத் தயாரிக்கின்றன. 2014-ல் பெண்களுக்காக என்று அறிமுகமான 500 கிராம் எடையுள்ள 'நிர்பீக்' ரிவால்வரின் அறிமுக விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். புதியதன் விலையே லட்சத்தைத் தாண்டுவதால் பழையதற்கும் நல்ல விலை நிற்கிறது.

2021 அக்டோபரில் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் 7 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. சிறு ஆயுதங்கள் தயாரிக்கும் கான்பூர், இச்சாப்பூர், திருச்சி தொழிற்சாலைகள் இப்போது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே நிறுவனத்தின் கீழ் வருகின்றன. பழைய துப்பாக்கியில் பழைய வாரியத்தின் முத்திரை இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. முத்திரை இல்லாவிட்டால்தான் பதற வேண்டும்.

எங்கே வாங்கலாம்? யாரிடம் வாங்கக் கூடாது?

சட்டப்படி வழி இரண்டே இரண்டுதான்.

ஒன்று, உரிமம் பெற்ற ஆயுத விற்பனைக் கடை. பழைய துப்பாக்கிகளும் அங்கே விற்பனைக்கு இருக்கும். பில், பதிவேடு, உரிமப் புத்தகத்தில் பதிவு என எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

இரண்டு, உரிமம் வைத்திருக்கும் தனிநபரிடம் நேரடியாக. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விற்பவர் தன் எண்ணத்தையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்து குறைந்தது 45 நாட்கள் முடிந்த பிறகே துப்பாக்கி கைமாறலாம்.

இந்த 45 நாளைத்தான் பலர் மறக்கிறார்கள். "நமக்குத் தெரிஞ்சவர்தான், பணத்தைக் குடுத்துட்டு எடுத்துக்கோ, பேப்பரை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால், அந்த நிமிடமே விலகுவது நல்லது. அந்தப் 'அப்புறம்' வருவதற்குள் வாகனச் சோதனையில் சிக்கினால், உரிமத்தில் பதிவாகாத துப்பாக்கியோடு பிடிபட்டவர் ஆகிவிடுவார்.

வாட்ஸ்அப் குழு, பேஸ்புக் பக்கம், "பீகார்ல இருந்து வந்த சரக்கு", "நாட்டுத் துப்பாக்கி பத்தாயிரம்தான்"... இவை எல்லாமே குற்ற வழக்கில்தான் கொண்டுபோய் நிறுத்தும். சட்டவிரோதமாக ஆயுதம் தயாரிப்பது, விற்பதற்குக் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை உண்டு. வாங்கியவரும் தப்ப முடியாது.

பழைய துப்பாக்கியில் என்னென்ன பார்க்கணும்?

1. எண்ணும் முத்திரையும்

தயாரிப்பாளர் பெயர், துப்பாக்கி எண். இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும். விற்பவரின் உரிமத்தில் இருக்கும் எண்ணும் துப்பாக்கியில் இருக்கும் எண்ணும் ஓர் எழுத்து மாறாமல் பொருந்த வேண்டும். அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதே குற்றம். அந்தக் குறியை அழித்தது யார் என்ற கேள்வி வந்தால், யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது' என்பதை அவரேதான் நிரூபிக்க வேண்டும்.

2. சோதனை முத்திரை

ஒவ்வொரு துப்பாக்கிக் குழலும் அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டுச் சோதிக்கப்பட்டு முத்திரை குத்தப்படும். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனை முத்திரை இருக்கும். 'நைட்ரோ ப்ரூஃப்' என்று இருந்தால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம்.

அது இல்லாமல், குழலின் மேல் பாம்புத் தோல் மாதிரி சுழல் வரி இருந்தால் கவனம். அது 'டமாஸ்கஸ்' குழலாக இருக்கலாம். இரும்புப் பட்டையை முறுக்கிச் செய்த பழைய காலத்துக் குழல் அது. பெரும்பாலானவை கரிமருந்துக் காலத்தில் செய்யப்பட்டவை. இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் வெடித்து, பிடித்திருப்பவரின் விரல் போகலாம். சுவரில் மாட்ட அழகு, வேலைக்கு ஆகாது.

3. அறையின் நீளம்

இது பலருக்குத் தெரியாத விஷயம். பழைய பிரிட்டிஷ் 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று பரவலாகப் புழங்குவது 70 மில்லிமீட்டர் தோட்டா. நீளத் தோட்டா குட்டை அறைக்குள் போய்விடும், அதுதான் பிரச்சினை. சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் குத்தியிருக்கும் அளவைப் படித்து, கடைக்காரரிடம் அளந்து காட்டச் சொல்ல வேண்டும்.

4. குழல்

தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் உறுதி செய்த பிறகு, குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பார்க்க வேண்டும். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தால் நல்லது. லேசான புள்ளித் துரு சமாளிக்கக் கூடியது. அறைக்குப் பக்கத்தில் ஆழமான குழி, குழலில் நசுங்கல், வளையம் மாதிரி புடைப்பு இருந்தால் வேண்டாம். இரட்டைக்குழலைத் தொங்கவிட்டு லேசாகத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். மொக்கையாகச் சத்தம் வந்தால் இரு குழலையும் இணைக்கும் பற்று விட்டிருக்கலாம்.

5. மூட்டும் விசையும்

துப்பாக்கியை மூடிவிட்டு ஆட்டிப் பார்த்தால் குழலுக்கும் உடலுக்கும் நடுவே ஆட்டம் இருக்கக் கூடாது. பாதுகாப்புப் பூட்டு நிஜமாகவே பூட்ட வேண்டும். விசை காற்றுப் பட்டாலே விழுவதுபோல இளகி இருந்தால் அது 'ஸ்மூத்' இல்லை, ஆபத்து. ரிவால்வரில் சுத்தியல் முழுதாகப் பின்னால் போகும்போது உருளை சரியான இடத்தில் நின்று பூட்டிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் தோட்டா குழலுக்கு நேராகப் போகாது.

இதையெல்லாம் தானே பார்க்கத் தெரியாதவர், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டச் சொல்லிக் கேட்கலாம். காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டியதில்லை.

துப்பாக்கி கிடைச்சுது... தோட்டா?

மலிவான பழைய துப்பாக்கியில் இருக்கும் பெரிய பொறி இது. '.32' என்று சொன்னாலே எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள். ரிவால்வருக்கான .32 வேறு, பிஸ்டலுக்கான .32 வேறு. ரிவால்வரிலேயே குட்டை, நீளம் என்று வகை உண்டு. சில பழைய ஐரோப்பியத் துப்பாக்கிகளின் அளவுக்கு இந்தியாவில் தோட்டாவே தயாராவதில்லை.

12 போருக்கு அந்தக் கவலை குறைவு. புனே அருகே கட்கியில் உள்ள அரசுத் தொழிற்சாலையின் 12 போர் தோட்டாக்கள் நாடு முழுவதும் புழங்குகின்றன. பாதுகாப்பு வேலைக்கு 12 போர் பிரபலமாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

எளிய வழி ஒன்று உண்டு. துப்பாக்கி பார்க்கும் அதே கடையில், "இதுக்குத் தோட்டா இப்ப ஸ்டாக் இருக்கா, விலை என்ன?" என்று முதலில் கேட்க வேண்டும். பதில் இழுவையாக வந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். எத்தனை தோட்டா வாங்கலாம், வைத்திருக்கலாம் என்பதும் உரிமத்திலேயே எழுதியிருக்கும். அதைத் தாண்டக் கூடாது.

உறை: சட்டம் என்ன சொல்லுது?

2016 ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு போவதானால் அதற்கென்றே செய்யப்பட்ட உறையில் வைத்து உடலோடு இணைத்திருக்க வேண்டும், அல்லது அதற்கான பையில் இருக்க வேண்டும். நீளத் துப்பாக்கிக்கு அதற்குரிய உறை வேண்டும். துப்பாக்கி முழுதாக மூடப்பட்டிருக்க வேண்டும். எப்போதும் அது அவருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டுவதும் விதிமீறல். கல்யாணம், திருவிழாவில் கொண்டாட்டத்துக்குச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்து.

பேன்ட் இடுப்பில் சொருகுவது, வண்டி டேஷ்போர்டில் போடுவது, லஞ்ச் பையில் வைப்பது எல்லாம் சினிமாவுக்குச் சரி. நிஜத்தில் அது விதிமீறல்தான், உயிருக்கும் ஆபத்து.

தோல் உறை எப்படித் தேர்வு செய்வது?

இந்த விஷயத்தில் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெங்களூரு சாலையில் மேற்கே போனால் ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர். நாட்டின் முக்கியமான தோல் நகரங்கள் இவை. கிழக்கே போனால் சென்னையின் தோல் சந்தையான பெரியமேடு. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் தோல் ஆலையால்தான். தோலுக்கும் கைவேலைக்கும் இங்கே பஞ்சமில்லை. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

தோல் வகை: குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும். செருப்பின் மேல்பாகத்துக்கும் கைப்பைக்கும் நல்லது. துப்பாக்கி உறைக்கு வேண்டியது பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோல். கடையில் 'வெஜிடபிள் டேன்' என்று கேட்க வேண்டும். ஆவாரம் பட்டையில் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில். புவிசார் குறியீடு பெற்ற 'ஈ.ஐ. லெதர்' அந்த வழியில் வந்ததுதான். இப்படிப் பதனிட்ட தோலை நனைத்து, அச்சின் மேல் அழுத்தி, காயவைத்தால் அந்த வடிவத்திலேயே விறைத்து நிற்கும். துப்பாக்கி உறைக்கு இந்த விறைப்புதான் உயிர்.

தடிமன்: 3 முதல் 4 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. இரண்டு மெல்லிய தோலை ஒட்டித் தடிமன் காட்டினால் வியர்வையில் பிரியும்.

விசை மறைப்பு: உறைக்குள் வைத்த பிறகு விசையும் அதன் வளையமும் முழுதாக மறைந்திருக்க வேண்டும். விரல் நுழைய இடமிருந்தால் அந்த உறையை வாங்கக் கூடாது.

வாய்ப்பகுதி: துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். தளர்ந்து மடங்கினால், திரும்ப வைக்கும்போது தோலின் ஓரம் விசைக்குள் சிக்கி, துப்பாக்கி தானாக வெடிக்கும் அபாயம் உண்டு. மலிவு உறை, பழைய உறை இரண்டிலும் இருக்கும் பெரிய குறை இதுதான்.

பிடிப்பு: மேலே அழுத்துப் பொத்தானுடன் ஒரு பட்டை அவசியம். வேனில் ஏறி இறங்கும்போது, ஓடும்போது, யாராவது பிடுங்கப் பார்க்கும்போது அதுதான் காப்பாற்றும்.

பெல்ட்: உறையின் வளையமும் பெல்ட்டின் அகலமும் பொருந்த வேண்டும். மெல்லிய பேன்ஸி பெல்ட்டில் மாட்டினால் எடை தாங்காமல் சாயும். நாள் முழுக்க வேனில் உட்கார்ந்திருப்பவருக்கு வலது இடுப்பு உறை குத்தும். அவர் முன்பக்கம் குறுக்கே மாட்டும் வகையைக் கேட்கலாம். இடதுகைக்காரர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தையல்: தடித்த மெழுகு நூலில், நெருக்கமாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரங்கள் தேய்த்து மழுங்கியிருக்க வேண்டும்.

12 போர் வைத்திருப்பவருக்கு இடுப்பு உறை தேவையில்லை. தோளில் மாட்டும் தோல் பட்டையும் முழுநீள உறையும் போதும். பட்டை மாட்டும் கொக்கிகள் பழைய துப்பாக்கியில் ஆடுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அளவு கொடுக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

ஆர்டர் கொடுத்து உறை தைக்கும்போது பலர் செய்யும் தவறு, துப்பாக்கியையே தோல் கடையில் விட்டுவிட்டு வருவது. "ரெண்டு நாள் இருக்கட்டும் சார், அச்சு எடுத்துட்டுத் தர்றேன்" என்று அவர் நல்ல மனதோடு சொல்லலாம். ஆனால் தோல் தைப்பவருக்கு ஆயுத உரிமம் கிடையாது. உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவர், வைத்திருந்தவர் இருவர் மேலும் வழக்கு வரும்.

அதற்குப் பதில், அதே மாடலின் பிளாஸ்டிக் அல்லது மர மாதிரியைக் கொடுக்கலாம். காகிதத்தில் சுற்றுக்கோடு வரைந்து, நீளம், அகலம், தடிமன் குறித்துத் தரலாம். கடைசியில் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமானால், தோட்டா இல்லாத துப்பாக்கியை உரிமதாரரே தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும்.

பராமரிப்பு: உறைக்குள் வெச்சு மறந்துடாதீங்க

தோல் ஈரத்தை உறிஞ்சும். சென்னைப் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வையில் ஊறிய உறைக்குள் துப்பாக்கியை வாரக்கணக்கில் வைத்தால் உலோகத்தில் துரு ஏறிவிடும். வேலை முடிந்ததும் துப்பாக்கியைத் தனியே துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, பூட்டிய இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். தோட்டா தனி இடத்தில் இருக்க வேண்டும். உறையை நிழலில் காயவைக்கலாம். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது தமிழ்நாட்டில் வழக்கம். வங்கிப் பாதுகாவலர் போன்றவர்களுக்கு விலக்கு தரப்படுவது உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒப்படைக்கும்போது எண்ணெய் பூசி, தோல் உறை இல்லாமல் துணியில் சுற்றிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்வது நல்லது.

சொந்தத் துப்பாக்கியோட வேலைக்குப் போகலாமா?

இப்போது அந்தச் சிக்கலுக்கு வருவோம். எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்று விண்ணப்பத்தில் காரணம் எழுதித்தான் உரிமம் வாங்குகிறோம். தற்காப்புக்கு என்று வாங்கிய உரிமத்தை, ஒரு நிறுவனத்தின் பணத்தைக் காக்கும் வேலைக்குப் பயன்படுத்தலாமா என்பதை உரிமம் கொடுத்த அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே வேலையில் சேர வேண்டும். உரிம நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம். அதைவிடப் பெரிய இழப்பு, உரிமமே ரத்தாவது. அப்படியானால் துப்பாக்கிக்குப் போட்ட பணமும் முடங்கும், வேலையும் போகும்.

ஷிப்டு மாறும்போது நடப்பது இன்னொன்று. இரவுப் பாதுகாவலர் தன் துப்பாக்கியைக் காலை ஷிப்டுக்காரரிடம் "பார்த்துக்கோ அண்ணே" என்று கொடுத்துவிட்டுப் போவது. உரிமத்தில் பெயர் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருந்தால் அது உரிமமில்லா ஆயுதம்தான். சூப்பர்வைசர் சொன்னார் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

பாதுகாப்பான வழி என்ன? நிறுவனம் தன் பெயரில் உரிமம் எடுத்து, துப்பாக்கியை ஏந்தும் பாதுகாவலரின் பெயரை அதில் முறையாகப் பதிவு செய்வது. செலவும் பொறுப்பும் அப்போது நிறுவனத்தின் மேல். "கன் நீயே வாங்கிட்டு வா" என்று சொல்லும் இடத்தில், துப்பாக்கி விலை, உறை, பெல்ட், இரும்புப் பெட்டி, தோட்டா, புதுப்பிக்கும் செலவு, அதற்கு அலையும் நாட்களின் சம்பளம் என எல்லாவற்றையும் கூட்டி, கூடுதலாகக் கிடைக்கும் மாதச் சம்பளத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். முதல் திரும்பவே இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றால், அந்த ரிஸ்க் யாருக்காக என்று யோசிப்பது நல்லது.

அடிக்கடி வரும் கேள்விகள்

தாத்தாவோட துப்பாக்கி வீட்ல இருக்கு. அப்படியே வெச்சுக்கலாமா?

கூடாது. உரிமதாரர் இறந்ததும் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். தாத்தா உயிரோடு இருந்தால், அவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி வாங்கி 25 ஆண்டு ஆனாலோ, வாரிசை அவரே நியமித்து மாற்றிக்கொடுக்க வழி உண்டு.

ரொம்பப் பழசு, சுடவே சுடாது. அதுக்கும் உரிமம் வேணுமா?

பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத, பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தால் சுடும் என்றால் விலக்கு கிடையாது. அதை வீட்டுக்காரர் முடிவு செய்ய முடியாது. காவல் நிலையத்தில் காட்டி எழுத்தில் பெற வேண்டும்.

ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேணுமா?

.177 அளவு வரை, 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் கொண்டதற்கு வேண்டாம். அதைத் தாண்டினால் வேண்டும். ஆனால் பாதுகாப்பு வேலையில் நிஜத் துப்பாக்கி போலக் காட்டி ஏர் கன் ஏந்துவது யாரையும் காப்பாற்றாது, எதிராளியைச் சுடத் தூண்டவே செய்யும்.

வாங்கின துப்பாக்கி பழசா, திருட்டா என்ற சந்தேகம் வந்தா?

பில்லையும் எண்ணையும் எடுத்துக்கொண்டு உடனே காவல் நிலையத்துக்குப் போவதுதான் ஒரே வழி. வேறொருவருக்குக் கைமாற்றிவிட நினைத்தால், ஏமாந்தவரே குற்றவாளி ஆகிவிடுவார்.